ஃபைனல் எக்ஸிட் அடித்து (வெளிநாட்டு வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு) ஊர் வந்தவர்கள், உங்கள் அனுபவம் எப்படி?

பட்டுக்கோட்டை பக்கம், முன்பு சவுதி ஜுபைல்

நான் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஜுபைலில் பைப் ஃபிட்டர் வேலை. பெட்ரோகெமிக்கல் கம்பெனிகளில் ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது) வந்தால் ராத்திரி பகல் தெரியாது. ஒரே கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்ததால், நானே ராஜினாமா கொடுத்தும் சர்வீஸ் பணம் முழுசாகக் கிடைத்தது. முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷம் ஒரு மாதச் சம்பளம். பணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் ஊரிலும் குறை தெரியவில்லை, ஏனென்றால் அது வழக்கமான லீவு மாதிரியேதான் போனது. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எனக்கு. கொண்டு வந்த நிடோ பால் பவுடரும் டேங்க் ஜூஸ் பவுடரும் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போனது. லீவு முடிகிற காலம் தாண்டியும் நான் நடமாடிக்கொண்டிருந்ததும்தான் டீக்கடையில் விசாரணை ஆரம்பம். "எப்ப மாப்ள பயணம்?" "இனிமே போகல" என்றால் குரலைத் தாழ்த்தி, "ஏதும் பிரச்சினையா?" என்கிறார்கள். ஒருத்தர் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு உறைத்தது தோப்பில். எங்கள் பக்கத்தில் எதையும் கஜா புயலுக்கு முன்னாடி, கஜாவுக்குப் பின்னாடி என்றுதான் பேசுவார்கள். 2018 நவம்பரில் புயல் அடித்த அன்று நான் கேம்ப்பில் இருந்தேன். பல நாள் வீட்டுக்கு லைனே கிடைக்கவில்லை. கிடைத்தபோது அப்பா சொன்னது, "எல்லாம் படுத்துருச்சுப்பா." அப்புறம் லீவில் வந்து பார்த்தேன்தான். ஆனால் லீவில் வந்தவன் தோப்புக்குப் போவது இளநீர் குடிக்க. மரத்தை அறுத்து அப்புறப்படுத்தியது, கரண்ட் இல்லாமல் குடிதண்ணீருக்கு அலைந்தது, கன்று வாங்கி நட்டது எல்லாம் அப்பாவும் என் வீட்டுக்காரியும் பையனும்.

இப்போது தோப்பை நான்தான் பார்க்கிறேன் என்று இறங்கினேன். சொட்டுநீர்க் குழாயில் ஒரு வால்வைத் திறந்தேன். பதினோராம் வகுப்புப் பையன் ஓடி வந்து, "அப்பா, அத மூடுங்க, ரெண்டையும் ஒண்ணா தெறந்தா கடைசி வரிசைக்குத் தண்ணி ஏறாது" என்றான். வாழ்க்கை முழுக்க பைப்பும் வால்வுமாக இருந்தவன் நான்! எந்த வரிசை குட்டை ரகம், எது நெட்டை, எந்தக் கன்றைக் காண்டாமிருக வண்டு தின்று மறுபடி நட்டார்கள் என்று விருந்தாளிக்குக் காட்டுவது போல வரிசையாகக் காட்டிக்கொண்டே போனான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஊரே சேர்ந்து பட்ட ஒன்றை நான் படவில்லை என்பது அன்றைக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. வரப்புத் தகராறில் பங்காளி ஒருத்தர் அதை நேராகவே சொல்லிவிட்டார்: "கஜாவப்ப நீ இங்க இல்லியே, ஒனக்கு என்ன தெரியும்?" பதில் இல்லை.

சமையல் இன்னொரு கூத்து. ரூமில் மெஸ் முறை வைத்துச் சமைத்தவர்கள் நாம். எனக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி. இங்கே கத்தியை எடுத்தால் அம்மா, "அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரியோ, "சமைங்க, ஆனா டப்பாவ இடம் மாத்தாதீங்க" என்கிறாள். நியாயம்தான்.

லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடி டெஸ்ட் போட வேண்டும். காலேஜ் பசங்களோடு வரிசையில் நின்று எட்டு போட்டேன். அங்கே வலது பக்கம் ஓட்டிய கை, இன்னும் ரவுண்டானாவில் தடுமாறுகிறது.

தென்காசி பக்கம், கணவர் குவைத்திலிருந்து திரும்பியவர்

அண்ணா, வீட்டில் இருந்தவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். இவர் பணம் அனுப்புவார், மற்றதெல்லாம் நான். சீட்டு கட்டுவது, நகையைத் திருப்புவது, ஸ்கூல் ஃபீஸ், காம்பவுண்டு சுவருக்குக் கொத்தனாரோடு மல்லுக்கட்டுவது வரை. வருஷக்கணக்கில் யாரிடமும் கேட்காமல் செலவு செய்த கை. இப்போது தக்காளி என்ன விலை என்று கேட்கிறார். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார், ஆனால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

இன்னொன்று. அங்கே இருந்தபோது தினமும் ராத்திரி போனில் ஒரு மணி நேரம் பேசுவோம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் சொல்வேன். இப்போது ஒரே வீட்டில் "பால் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா" அவ்வளவுதான். சண்டை எதுவும் இல்லை. நேரில் எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. சாயங்காலம் மகளை டியூஷனில் விட்டுவிட்டு, அது முடிகிறவரை வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு பேசுவோம். வீட்டுக்குள் வராத பேச்சு அங்கே வருகிறது. கணக்கு நோட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை, கொடுப்பதாகவும் இல்லை.

அறந்தாங்கி, முன்பு சிங்கப்பூர்

சவுதி அண்ணனுக்காவது சர்வீஸ் பணம். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரனுக்கு சிபிஎஃப்பும் (அங்கத்திய சேமநிதி) கிடையாது, சேர்த்து வைத்ததுதான். அதையும் எடுக்க நான் பட்ட பாடு! ரீசார்ஜ் போடாமல் விட்ட பழைய நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. பேங்கிலும் ஆதாரிலும் அதே நம்பர், ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குப் போகிறது. ஆதார் மையத்தில் கைரேகை வைத்து நம்பரை மாற்றிய பிறகுதான் பேங்கில் வேலை நகர்ந்தது. ஊரோடு வந்துவிட்டால் என்ஆர்ஈ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பேங்க் கணக்கு) சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். கிளம்பப் போகிறவர்கள் பழைய நம்பரை உயிரோடு வைத்திருங்கள்.

பட்டுக்கோட்டை அண்ணன், என் லைசென்ஸும் போய் இரண்டு வருஷம் ஆச்சு. எட்டு போட நம்ம வண்டியையே கொண்டு போகணுமா, அங்கேயே கிடைக்குமா?