மனத்தின் கணினி மாதிரி: மழையா, கூட்டலா?

கேள்வி:
மழையைக் கணினியில் எவ்வளவு நுட்பமாக உருவகப்படுத்தினாலும் அதில் எவரும் நனைவதில்லை. மனத்தின் மாதிரியும் அப்படித்தான், அதில் புரிதல் இராது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1980இல் வாதிட்டார். ஆனால், கணினி செய்யும் கூட்டலை நாம் போலிக் கூட்டல் என்பதில்லை, அது கூட்டலேதான். மனம் இவ்விரண்டில் எந்த வகை? நெடுநாளாக இக்கேள்வி என்னை விடவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
மாதிரி ஒன்று எதை விளக்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களைக் கற்கும் நரம்பு வலையமைப்பு (மூளை நரம்புகளின் இணைப்பை ஒட்டி அமைத்த, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி மாதிரி) ஒன்றை உளவியலாளர்கள் ரூமல்ஹார்ட்டும் மெக்கிலெலண்டும் 1986இல் வெளியிட்டனர். குழந்தைகள் முதலில் 'வென்ட்' (went) என்று சரியாகச் சொல்லி, பிறகு -ed சேர்க்கும் பொது விதியைப் பற்றிக்கொண்டு 'கோ-ட்' (goed) என்று தவறி, பின்னர் திருந்துவதுண்டு. விதி எதுவும் எழுதிவைக்கப்படாத அந்த வலையமைப்பும் அதே போக்கில் தவறியது. ஆனால், ஆய்வாளர்கள் பிங்கரும் பிரின்ஸும் 1988இல் அதன் பயிற்சியைத் துருவிப் பார்த்தனர். முதலில் 10 வினைகள் மட்டுமே தரப்பட்டு, பின்னர் ஒரேயடியாக மேலும் 410 சேர்க்கப்பட்டிருந்தன. பிழை பெரிதும் அந்தத் தாவலால் வந்தது. குழந்தையின் காதில் விழும் சொற்களோ அப்படித் திடீரெனப் பெருகுவதில்லை. பிழை ஒத்துப்போவதால் மட்டும் காரணமும் ஒன்று என்றாகிவிடாது.

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன்; ஆயினும் வீழ்ந்தது அந்த மாதிரிதான், மாதிரி அமைத்து மனத்தை ஆராயும் முறை அன்று. உள்ளே நடப்பது அனைத்தும் திறந்து கிடந்ததால்தானே அதன் குறையைக் கண்டுபிடிக்க முடிந்தது?

கேட்டவருக்கு என் கருத்து: மனத்தை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். ஒரு தேற்றத்தை நிறுவுவது கூட்டலைப் போன்றது. நியூவெல், ஷா, சைமன் ஆகியோரின் தேற்றம் நிறுவும் கணினி நிரல் 1956இல் செய்தது உண்மையான நிறுவலே. பல்வலி அப்படியன்று. வலிக்கும்போது நரம்புகளில் நிகழ்வதை முழுவதும் எண்களாக எழுதினாலும், அந்த எண்களுக்கு வலிக்கிறது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை.

கேட்டவர்:
நன்றி ஐயா. இந்தப் பிரிப்பு எனக்குப் பெரிதும் உதவுகிறது. எனினும், சேர்ல் எடுத்துக்கொண்டது தேற்றமோ வலியோ அன்று, ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்வது. அதைத் தாங்கள் எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?