கல்வியங்காட்டு வீடு (குடும்பக் குழு)

நான்: பெரியம்மா, 1986இல் ரெலோ இயக்கத்தைப் புலிகள் அடித்தபோது நீங்கள் யாழ்ப்பாணத்தில் ஊரிலா இருந்தீர்கள்? அம்மாவைக் கேட்டால் "பெரியம்மாவைக் கேள்" என்கிறா.

பெரியம்மா: ஓம் பிள்ளை. ரெலோவின் பெரிய முகாம் எங்கள் ஊரில்தானே இருந்தது. ஏப்ரல் கடைசியில் வெடிச்சத்தம் தொடங்கியது. ஆமி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம்.

சித்தப்பா: அதற்கு ஒரு வருடம் முன்னம்தான் புலிகளின் பிரபாகரன், ரெலோவின் சிறீசபாரத்தினம், ஈபிஆர்எல்எப்பின் பத்மநாபா, ஈரோஸின் பாலகுமார் என்று நான்கு இயக்கத் தலைவர்களும் ஒன்றாகக் கை கோர்த்து நின்ற படம் வந்தது. இலங்கை அரசோடு நடந்த திம்புப் பேச்சுக்கும் எல்லா இயக்கமும் போனது. இனிக் கவலையில்லை என்று நம்பினோம்.

அண்ணா: ரெலோ சனத்திடம் கொள்ளை அடித்தது, இந்தியாவின் சொல் கேட்டது என்று சொல்வார்களே சித்தப்பா?

சித்தப்பா: கொள்ளை நடந்தது உண்மை. உள்ளுக்குள்ளும் சுடுபட்டார்கள். அதற்காகச் சரணடைந்தவனையும் சுடலாமா தம்பி? நூற்றுக்கு மேல் பொடியன்கள் போனார்கள். மே முதல் வாரம் கோண்டாவில் பக்கம் சிறீயையும் சுட்டார்கள். டிசம்பரில் புலிகளிடம் அடி வாங்க ஈபிஆர்எல்எப்பின் முறை. 90இல் பத்மநாபாவைச் சென்னையில் வைத்துக் கொன்றார்கள். பாலகுமார் 2009இல் ஆமியிடம் சரணடைந்த பிறகு ஆளே இல்லை. அந்தப் படத்தில் நின்றவர்களில் இன்றைக்கு யார் மிச்சம்?

பெரியம்மா: ரெலோப் பொடியன்களைச் சந்தியில் டயர் போட்டு எரித்தார்கள். சுட்டவர்களுக்குச் சனம் சோடா உடைத்துக் கொடுத்தது. நான் கொடுக்கவில்லை. ஆனால் படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெரியம்மா: அன்று இரவு பின்வேலியைப் பிரித்துக்கொண்டு ஒருவன் கிணற்றடிக்கு வந்தான். மட்டக்களப்புப் பொடியன். மீசைகூட ஒழுங்காக வரவில்லை. உடுப்பு மாற்றச் சாரம் கேட்டான், அப்பாவின் நீலச் சாரத்தைக் கொடுத்தேன். "அக்கா, எந்தப் பக்கம் போனால் கடல் வரும்?" என்று கேட்டான். ரெலோவில் நிறையப் பேர் கிழக்குப் பொடியன்கள். இங்கே எந்த ஒழுங்கை எங்கே போகும் என்று அதுகளுக்கு என்ன தெரியும்?

நான்: பிறகு?

பெரியம்மா: யாரும் அடைக்கலம் கொடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வீட்டில் மூன்று குமர்ப் பிள்ளைகள். "விடிய முன்னம் போய்விடு தம்பி" என்று அப்பா சொன்னார். புட்டுக் கொஞ்சம் கட்டிக் கொடுத்தேன். போய்விட்டான்.

சித்தப்பா: அக்கா, இது எனக்கு இன்றுதான் தெரியும்.

பெரியம்மா: யாரிடம் சொல்வது? அப்பா சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் கழற்றிப் போட்ட காற்சட்டையைத் தோய்த்து, அரிசிப் பெட்டிக்கு அடியில் 95இல் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் இடம்பெயரும் வரை வைத்திருந்தேன். வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று.

அண்ணா: பெயர் சொன்னானா பெரியம்மா?

பெரியம்மா: நான் கேட்கவில்லை அப்பன். பயத்தில் கேட்கவில்லை.

நான்: பெரியம்மா, இரவு எடுக்கட்டுமா?

பெரியம்மா: எடு பிள்ளை. எட்டு மணிக்குப் பிறகு எடு. முழித்துத்தான் இருப்பேன்.