வெறும் வயிற்றில் 108, பின்கழுத்தில் கருமை: இது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையா?

மலைக்கோட்டை:
வணக்கம். எனக்கு வயது 37. அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனையில் இம்முறை வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ஹீமோகுளோபின் 9.6 என்று வந்திருக்கின்றன. 108க்கு எதிரே "70–110, இயல்பு" என்று அச்சிட்டிருக்கிறார்கள், 6.1க்கு எதிரே நட்சத்திரக் குறி இருக்கிறது. அதிகத் தாகமோ, அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ, உடல் மெலிவோ எனக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளாகப் பின்கழுத்து மட்டும் கறுத்திருக்கிறது. தாலிச் சங்கிலி உரசுவதால் இருக்கும் என்று அம்மா சொன்னதால் கடலை மாவு தேய்த்துப் பார்த்தேன், மாறவில்லை. அம்மாவுக்கு 50 வயதிலிருந்து சர்க்கரை நோய் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாதபோதும் இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

நுண்ணோக்கி:
சகோதரி, நான் ஆய்வகத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றில் 110 முதல் 125 வரை உள்ள அளவையும், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 முதல் 125 வரை உள்ள அளவையும் முந்தைய நிலையாகக் கொள்கின்றன. ஆகவே உங்கள் 108 ஒரு கணக்கில் இயல்பு, மற்றொரு கணக்கில் எச்சரிக்கை. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முந்தைய நிலை என்பது அமெரிக்கச் சங்கத்தின் வரையறை. ஆனால் உங்கள் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது. அது இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையானால், எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதில் 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200ஐத் தொட்டால் சர்க்கரை நோயின் அளவு. பயந்துபோய் அதற்கு முந்தைய மூன்று நாட்களில் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள், குறைத்தால் முடிவு தவறாகக் கூடுதலாக வரக்கூடும்.

வைகைக்கரை:
அம்மா, அறிகுறி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் மனம் பதறியது, ஏனென்றால் நானும் அப்படித்தான் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல், அது நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. தாகமும் இரவில் எழுவதும் அதன் விளைவே. முந்தைய நிலையில் அளவு பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேயே இருப்பதால், உடல் எதையும் சொல்வதில்லை. எனக்குத் தாகம் தொடங்கியபோது வெறும் வயிற்றிலேயே 212 இருந்தது.

உங்கள் கழுத்து ஒருவேளை சொல்லிக்கொண்டிருக்கலாம். இன்சுலினின் பேச்சை உடல் சரியாகக் கேட்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டுவதால், பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணியைப் போல மென்மையாகக் கறுக்கிறது. சிலருக்கு அங்கே சிறு மருக்களும் தொங்கும். எல்லாக் கருமைக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் மருத்துவரிடம் கழுத்தைக் காட்டுங்கள். அது அழுக்கு இல்லை. தயவுசெய்து தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

மலைக்கோட்டை:
இருவருக்கும் நன்றி. நான் இனிப்பைத் தொடுவதே இல்லை, எடையும் 56 கிலோதான். அப்படியிருந்தும் வருமா?

கீழவாசல்:
வரும். கைகால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்மவரிடையே அதிகம். தராசு அதைக் காட்டாது. தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இனிப்பைத் தவிர்த்தாலும், மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று மாவுச்சத்தே தட்டை நிரப்பினால் கணையத்துக்கு ஓய்வில்லை. சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் பொரியலும் வையுங்கள்.

சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரும் நம்பிக்கை தந்தது. முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான செய்தி. அவர்களுக்குச் சொல்லப்பட்ட நடை, நாளுக்குக் குறைந்தது 30 நிமிட விரைவு நடை.

மலைக்கோட்டை:
அளந்தேன், 87 இருக்கிறது. சனிக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். சோகைக்கு மாத்திரை தொடங்கினால், எச்பிஏ1சியை மறுபடி எப்போது எடுப்பது?

நுண்ணோக்கி:
இரும்புச்சத்து சீரான பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து எடுங்கள், சிவப்பணுக்கள் புதிதாக மாறுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். குளுக்கோஸ் பரிசோதனையை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.