மோசடி மின்னஞ்சலை நம்பி வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டார்: நஷ்டம் யாருடையது?

அம்பத்தூர் லேத்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரகடத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் பல வருடங்களாக புஷ் என்ற இயந்திர உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறோம். மே மாதச் சரக்குக்கு 6,84,000 ரூபாய் வர வேண்டும். கேட்டால், "உங்கள் புதிய கணக்குக்கு அனுப்பியாயிற்றே" என்கிறார்கள். எங்களுக்குப் புதிய கணக்கே கிடையாது!

அவர்களுக்கு வந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் ரப்பர் ஸ்டாம்ப், பில் எண், தொகை எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. முகவரியில் மட்டும் 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டும் அதைப் போலவே தெரியும்படி ஒட்டி நிற்கின்றன. பணம் போனது வெளிமாநிலத்தில் யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கு. இத்தனை வருடம் கரண்ட் அக்கவுண்டில் வாங்கியவன் திடீரென்று அங்கே போடச் சொல்வானா? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

"உங்கள் மெயிலைத்தான் ஹேக் செய்திருக்கிறார்கள். போனால் போகிறது, பாதி தருகிறோம்" என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பாரிமுனை வக்கீல்:
"முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போட்டு மட்டும் வாங்காதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, முழுக் கடனுக்கும் ஈடாகக் குறைந்த தொகையை ஏற்றுக்கொண்டால் மீதி ஒழிந்தது. வந்ததை வரவு வைத்துக்கொண்டு, மீதிக்கான உரிமையை விடவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவு, பெற வேண்டியவர் சொன்ன முறையிலோ ஒப்புக்கொண்ட முறையிலோ செலுத்தலாம் என்கிறது. நீங்கள் சொல்லவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் மனிதனிடம் கொடுத்த பணத்தால் உங்களுக்கு வர வேண்டிய கடன் எப்படித் தீரும்?

அமெரிக்காவில் 2015-இல் ஃபுளோரிடாவில் இதே மாதிரி ஒரு வழக்கு. லாரிகள் வாங்கிய நிறுவனம் 5,70,000 டாலரைப் போலிக் கணக்குக்கு அனுப்பிவிட்டது. புதிய கணக்கு விவரம் பழையதோடு ஒத்துப்போகாதபோது விற்றவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்க வேண்டும் என்று கூறி, வாங்கியவர் தலையிலேயே நஷ்டத்தைக் கட்டியது நீதிமன்றம். அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்கு உதவும். மின்னஞ்சல் உங்கள் சொந்த முகவரியிலிருந்தே போயிருந்தால் உங்கள் பக்கம் வலுக் குறைந்திருக்கும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறதா? சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருந்திருந்தால், 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். முழுப் பணத்தையும் கேட்டு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் இதை எழுதினால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன், மயிலாப்பூர்:
போன பணத்தை வங்கியிடமிருந்து அந்த நிறுவனம் வசூலிப்பது கடினம். அங்கீகாரமில்லாத பரிவர்த்தனைகளுக்குத்தான் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை பாதுகாப்புத் தந்தது. இவர்கள் தாங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைப்பதே வழக்கம்.

ஆனால் 2025 ஏப்ரல் 1-க்குள், பணம் பெறுபவரின் பெயரை அனுப்புபவர் முன்கூட்டியே பார்க்கும் வசதியைத் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. திரையில் யார் பெயர் தெரிந்தது என்று அவர்களைக் கேளுங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

கிண்டி அக்கவுண்ட்ஸ்:
பில்களுக்குப் பணம் அனுப்பும் எதிர்த்தரப்பு நாற்காலியில் உட்காருகிறவன் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். பில் எண்ணும் தொகையும் திருடனுக்கு எப்படித் தெரிந்தன? யாரோ ஒருவருடைய மெயில் பெட்டியை வாரக்கணக்கில் படித்திருக்கிறான். அது உங்களுடையது இல்லை என்று உறுதியாகத் தெரியுமா? மெயில் அமைப்புகளில், வரும் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி ஏதாவது வைக்கப்பட்டிருக்கிறதா என்று நோட்டீஸுக்கு முன்பே பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அவர்கள் எடுத்த உள்ளீட்டு ஜிஎஸ்டி வரவை (உங்கள் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும். அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும்.

அம்பத்தூர் லேத்:
நன்றி. உத்யம் பதிவு 2021-இலிருந்து இருக்கிறது. மெயிலை மகன் பார்த்தான். அப்படி எதுவும் இல்லை, வெளியிடங்களிலிருந்து யாரும் நுழைந்த தடமும் இல்லை. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-இல் கொடுத்த புகாரின் நகலை அவர்களிடம் கேட்டேன். இதுவரை புகாரே கொடுக்கவில்லையாம்! திருடன் கணக்கை முடக்கச் சொல்லாமல் என்னிடம் பாதிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நோட்டீஸ் போகிறது, முழுத் தொகைக்கும்.