விட்ஸ்டபிளில் சந்தித்த ஹாமர் ரசிகர்

ஹாமர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் எடுத்த பேய்ப் படங்களைப் பற்றி என்னோடு மணிக்கணக்கில் பேசியவர், பெயர்கூடத் தெரியாத ஒரு பெரியவர்.

கென்ட் கடற்கரையில் இருக்கும் விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பேர் போன ஊர். நான் போனது, ஹாமர் படங்களில் நடித்த பீட்டர் குஷிங் வாழ்ந்த ஊர் என்பதற்காக. கடலைப் பார்த்தபடி அவர் பெயரிலேயே ‘குஷிங்ஸ் வியூ’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் என் பையில் குத்தியிருந்த டிராகுலா பேட்ஜைப் பார்த்ததும், “ஹாமரா?” என்று கேட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

1958-ல் ‘டிராகுலா’ வந்தபோது அவருக்கு 14 வயது. ‘எக்ஸ்’ சான்றிதழ் படம் என்பதால் 16 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விட மாட்டார்கள். அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு போய் டிக்கெட் வாங்கியிருக்கிறார். அதுவரை அவர் பார்த்த பேய்ப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை. இதில் தொடக்கத்திலேயே சவப்பெட்டியில் பொறித்த பெயர்மேல் செக்கச்செவேலென்று ரத்தம் தெறிக்கும். பக்கத்துச் சீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ அதில் ஆரம்பக் காட்சிகளில் கொஞ்சம் பேசுவதோடு சரி. அப்புறம் அந்த உயரமும் கண்களும்தான்.

பெரியவர் அதிகம் பேசியது கடைசிக் காட்சியைப் பற்றி. டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக வரும் குஷிங் நீண்ட மேஜைமேல் ஓடித் தாவித் திரைச்சீலையைப் பிடுங்குவார். வெயில் உள்ளே பாயும். இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி, டிராகுலாவை அந்த வெயிலுக்குள் நெட்டுவார். தாங்கிகளைச் சிலுவையாக்கும் யோசனை குஷிங்குடையது. படம் முழுக்கப் பாக்கெட்டிலிருந்து சிலுவைகளாக எடுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாராம். எனக்கு ஹாமர் படங்கள் பிடிக்க இதுதான் காரணம். தேம்ஸ் கரையில் பிரே ஸ்டுடியோவில், ஒரே செட்டை மாற்றி மாற்றி வேறு வேறு கோட்டையாக்கிய சிக்கனமான படங்கள். ஆனால் குஷிங் ஒரு காட்சியைக்கூட ஏனோதானோவென்று நடித்ததில்லை. ‘டிராகுலா’வில் தணிக்கையில் போன சில நொடிகள் 2011-ல் டோக்கியோ காப்பகத்தில் கிடைத்து, படத்தில் மறுபடி சேர்ந்தபோது, அதற்காகவே பெரியவர் இன்னொரு முறை பார்த்திருக்கிறார்.

குஷிங் பின்னாளில் நடித்த ஹாமர் படமான ‘டிராகுலா ஏ.டி. 1972’ பற்றிக் கேட்டேன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. குஷிங்கின் மனைவி ஹெலன் 1971 ஜனவரியில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் அவர் அவ்வளவு ஒடுங்கிப்போனதால், அப்பாவாக எழுதியிருந்த பாத்திரத்தைத் தாத்தாவாக மாற்ற வேண்டியிருந்தது.

“மற்றதையெல்லாம் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதை மட்டும் ஒரே ஒரு தடவைதான்” என்றார். எனக்கும் அப்படித்தான்.