பொருள்: தனிப் பிரதேச சபை மனு – ஆறாம் தாளில் அப்பாவின் கையொப்பம்

அனுப்புநர்: வைரவர் கோயிலடி, ஸ்காபரோ

அன்பு உறவுகளே,

ஊரிலிருந்து நல்ல செய்தி. நமக்கென்று தனிப் பிரதேச சபை, அதாவது உள்ளூராட்சிச் சபை, கேட்டு எழுதிய மனுவில் 950 பேர் கையொப்பமிட்டுவிட்டார்கள். தாளுக்கு 25 பேராக 38 தாள்கள். இனிச் சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டும், எல்லை வரைபடம் கீற வேண்டும், இருவர் கொழும்புக்குப் போய் வர வேண்டும். எல்லாமாக 480,000 ரூபா கேட்கிறார்கள். குடும்பத்துக்கு நூறு டொலர் போட்டால் இரண்டு கிழமையில் சேர்ந்துவிடும்.

நம் திருகோணமலை மாவட்டத்தில் வெருகலுக்குச் சபை இருக்கிறது, சேருவிலைக்கு இருக்கிறது. கிராமசபை நடத்திய ஊர் நம்முடையது. 1981 இல் நாடு முழுவதும் கிராமசபைகளை எடுத்தபோது நம்முடையதும் போனது. இன்று ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மூதூர்ச் சபைக்குப் போய் வாசலில் நிற்கிறோம். என் காலத்திலேயே இதற்கு ஒரு முடிவு காண வேண்டும். பின்னிற்காதீர்கள்.

அனுப்புநர்: கிணற்றடி வளவு, ஹாரோ

மாமா,

காசு அனுப்பும் முன் இதை எல்லோரும் வாசிக்க வேண்டும். அம்மாவைப் பார்க்கப் போயிருந்த நான் சென்ற ஞாயிறுதான் திரும்பினேன். மனுத்தாள்கள் வாசிகசாலை மேசையில் கல் வைத்து அடுக்கியிருந்தன. அம்மாவும் நானும் கையொப்பம் போடப் போனோம். நான் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டேன், போட முடியாது என்றேன். "பரவாயில்லை பிள்ளை, போடு" என்றார்கள். நான் போடவில்லை.

அம்மா தாள்களைப் புரட்டினார். ஆறாம் தாளில் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினேழாம் வரியில் அப்பாவின் பெயர், முகவரி, ஒரு கையொப்பம். அப்பா காலமாகி, வருகிற ஆவணியோடு மூன்று வருடம். "இவர் எப்போது வந்து போட்டார்?" என்றுதான் அம்மா கேட்டார். மேசையில் இருந்தவர் பதில் சொல்லவில்லை.

மாமா, உங்களுக்குத் தெரியும். உபதபாலகத்தில் அப்பா இருந்த முப்பது வருடத்தில் ஒருவரின் பிச்சைச்சம்பளத்துக்கு (ஏழைகளுக்கான அரச உதவிப்பணம்) இன்னொருவர் கையொப்பமிட அவர் விட்டதில்லை. நடக்க முடியாத கிழவிகளின் வீட்டுக்கு மைப்பெட்டியோடு சைக்கிளில் போய், பெருவிரலைத் தானே பிடித்து வைத்துவிட்டு வருவார். முழுப்பெயரையும் தமிழில் எழுதி, கடைசி எழுத்தின் சுழியை இரண்டு தடவை சுற்றுவது அவர் கையொப்பம். அந்தத் தாளில் இருப்பது ஒரு கோணல் கோடு.

ஒன்பது தாள்களைப் படம் எடுத்தேன். அடையாள அட்டை எண்கள் தெரிவதால் இங்கே போடவில்லை. பொருளாளருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

அனுப்புநர்: புளியடி வளவு, சான் ஹோசே (பொருளாளர்)

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்பது தாள், 225 வரி. இரண்டு இரவு இருந்து பார்த்தேன்.

நம் பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் வருடம் நான்கு இலக்கமாகிவிட்டது, நாள் கணக்கு அதேதான். ஆகவே ஓர் ஆணின் பெயருக்கு நேரே நடுவில் 612 என்று இருந்தால், அது வருடத்தின் 112 ஆம் நாள் பிறந்த ஒரு பெண்ணின் எண். இப்படி ஏழு வரிகள் இருக்கின்றன. இந்த மடற்குழுவில் இருந்துகொண்டு ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழ்பவர்களின் பெயர்கள் பன்னிரண்டு. அவர்களில் ஐந்து பேரிடம் தொலைபேசியில் கேட்டேன், ஒருவரும் கையொப்பமிடவில்லை. இறந்தவர்கள் என்று எனக்கே தெரிந்தவர்கள் நான்கு. இருபத்துமூன்று வரிகள் பிழை, அதுவும் என் கண்ணுக்குப் பட்டவை மட்டும். மீதி 29 தாள்களை நான் பார்க்கவில்லை.

நான் இருக்கும் கலிபோர்னியாவில் நகர எல்லையை மாற்றவும் புதிய நகரம் அமைக்கவும் மனுக் கொடுக்கலாம். அதற்கு 2000 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி மறுசீரமைப்புச் சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு கவுண்டியிலும் லாஃப்கோ என்ற ஆணைக்குழு இருக்கிறது. என் வீட்டுப் பக்கத்து நிலத்தை நகரத்தோடு சேர்க்கும் மனுவுக்கு நானே தாளோடு படியேறியிருக்கிறேன். கையொப்பமிடுபவர் திகதியையும் தன் கையாலேயே எழுத வேண்டும். முதல் கையொப்பத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் சேர வேண்டும், கடைசிக் கையொப்பம் விழுந்து 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் ஆணைக்குழுவின் நிறைவேற்று அலுவலர் 30 வேலைநாளுக்குள் பெயர்களைச் சரிபார்ப்பிப்பார். வாக்காளர் மனு என்றால் வாக்காளர் பதிவோடும், காணிக்காரர் மனு என்றால் வரி மதிப்பீட்டு இடாப்போடும் ஒப்பிடுவார்கள். போதாவிட்டால் மேலதிகக் கையொப்பம் கொடுக்க 15 நாள் அவகாசம் உண்டு. புதிய நகரத்துக்கு வாக்காளரில் 25 சதவீதமாவது கையொப்பமிட வேண்டும். எங்கள் மனுவில் திகதி எழுதாத வரிகளை நாங்களே அடித்துவிட்டு, அந்தந்த வீட்டுக்குத் திரும்பப் போனோம்.

நம் ஊர்ச் சங்கக் கணக்கிலிருந்து இதற்கு ஒரு சதமும் இப்போது விட மாட்டேன். கோயில் மணிக்கு அனுப்பிய காசுக்கே இன்னும் பற்றுச்சீட்டு வரவில்லை என்பதையும் பதிகிறேன்.

அனுப்புநர்: வைரவர் கோயிலடி, ஸ்காபரோ

தம்பி,

மணிக் கதையை இதற்குள் இழுப்பீர் என்று தெரியும். வாசிகசாலைக்கு ஓடு போட்டபோதும் நீர் இப்படித்தான். உமது தகப்பனாரின் பெயரைக் கல்லில் வெட்டவில்லை என்று கடைசித் தவணையை நிறுத்தினீர். கூரை பாதியில் நின்ற அந்த மாரியில் புத்தகங்கள் எல்லாம் நனைந்தன. நான் மறக்கவில்லை.

கலிபோர்னியாச் சட்டம் கலிபோர்னியாவுக்கு. நம் நாட்டில் பிரதேச சபையை அமைப்பது 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அமைச்சர் கட்டளையிட்டு வர்த்தமானியில் வெளியிட்டால் சபை வரும். அதில் இத்தனை சதவீதம் கையொப்பம் வேண்டும் என்றோ, அதை இன்னார் சோதிக்க வேண்டும் என்றோ எங்கே எழுதியிருக்கிறது? சட்டமே கேட்காத சோதனையை நம் சனத்தின் மேல் நாமே ஏன் வைக்க வேண்டும்? வெயிலில் வீடு வீடாக நடந்த பிள்ளைகளைக் கள்ளர் என்பது போல இருக்கிறது உமது மடல்.

அத்தாரின் பெயர் வந்தது பிழைதான். அது அன்பினால் வந்த பிழை. அவர் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போட்டிருப்பார்.

அனுப்புநர்: கிணற்றடி வளவு, ஹாரோ

மாமா,

அப்பா போட்டிருப்பாரா இல்லையா என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. அவர் முடிவெடுக்க வேண்டியதை அவருக்காக எவரும் எடுக்கக்கூடாது. உங்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் "அன்பினால் வந்த பிழை" என்ற சொல்லை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. இங்கே இங்கிலாந்தில் ஓர் ஊருக்குப் பரிஷ் சபை (அடிமட்ட ஊர்ச் சபை) கேட்க 2007 ஆம் ஆண்டின் சட்டம் கணக்குச் சொல்கிறது. வாக்காளர் 500 க்குக் குறைந்தால் 37.5 சதவீதம், 500 முதல் 2,500 வரை என்றால் 187 பேர், அதற்கு மேல் என்றால் 7.5 சதவீதம். முன்பு 50 சதவீதம், 250 பேர், 10 சதவீதம் என்று இருந்ததை 2015 இல் குறைத்தார்கள். அந்த எண்ணிக்கையில் உண்மையான வாக்காளர் கையொப்பமிட்டால் அந்தப் பகுதியின் உள்ளூராட்சி மன்றம் அதைப் பற்றிய மீளாய்வைத் தொடங்கியே ஆக வேண்டும். கையொப்பத்துக்கு அங்கே சட்ட வலு இருக்கிறது.

நமக்கு அது இல்லை. 950 ஆனாலும் 9,000 ஆனாலும் அமைச்சரைக் கட்டுப்படுத்தாது. அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதை நினைத்துப் பாருங்கள். தனிச் சபை வேண்டும் என்று எத்தனை வருடம் கேட்டார்கள், எவ்வளவு பேர் தெருவில் இறங்கினார்கள். 2020 பெப்ரவரியில் நகர சபை வர்த்தமானியிலேயே வந்தது, சில நாளில் நிறுத்திவிட்டார்கள். வர்த்தமானிக்கே அந்த நிலை என்றால் நம் தாள்களின் நிலை என்ன? நம்மிடம் இருப்பது ஒன்றுதான்: இதில் பெயர் போட்டவர் ஒவ்வொருவரும் இருக்கிறார், இங்கே வாழ்கிறார், தானே போட்டார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது. மனு பிரதேச செயலகத்துக்கு வந்து, அவர்கள் கிராம அலுவலரைக் கேட்டால், அவர் ஆறாம் தாளைப் பார்த்ததுமே சிரிப்பார். அப்பாவின் மரணப் பதிவுக்கு அறிக்கை கொடுத்தவரே அவர்தான். அந்த ஒரு வரியால் 949 பேரின் சொல்லும் போய்விடும். அடுத்த ஊரில் இந்தச் சபையை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு ஆயுதம் வேண்டாம்.

அனுப்புநர்: ஆலடி, ஒஸ்லோ

பிள்ளைகளே,

பேத்திதான் தட்டச்சுச் செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கும். பாலங்கள் வருமுன் திருகோணமலைக்குத் தரை வழியாகப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கிக் காத்து நிற்க வேண்டும். அதற்குப் பயந்து மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் (இயந்திரப் படகு) ஏறுவோம். ஐயா கிராமசபைக் கடிதங்களை மெழுகுத்துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார். கடல்நீர் பட்டால் மை கரைந்துவிடும் என்று பயம். கச்சேரியில் (அரச அதிபர் அலுவலகத்தில்) ஒரு கையொப்பம் வாங்க இரண்டு நாள் போகும். கையொப்பம் என்றால் எங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

இதையும் கேளுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பவர் மட்டும்தான் ஊரவர் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். 2006 இல் போருக்குப் பயந்து ஓடினோம். வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்த சனத்தில் பலர் பின்பு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். சம்பூர்ப் பக்கத்துச் சனம் 2015 இல்தான் தங்கள் மண்ணை மிதித்தது. நம் ஊரிலும் சில குடும்பங்களின் பதிவு இன்னும் வேறு இடத்தில் கிடக்கிறது. என் தங்கை மகனின் அடையாள அட்டை ஓட்டத்தில் தொலைந்தது. திரும்ப எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அதுவும் தொலைந்திருந்தது. அவன் போட்ட கையொப்பம் உண்மை. இடாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அவனைப் பொய் என்பீர்கள். இல்லாத அத்தாரைச் சேர்த்துவிட்டு, இருக்கிற அவனை வெட்டுவீர்களா?

கைநாட்டு வைப்பவர்களையும் குறைவாக நினைக்காதீர்கள். என் அம்மா எழுபது வயதில் முகாமில் இருந்துதான் தன் பெயரை எழுதப் பழகினார். நிவாரண அட்டையில் முதன்முதலாகக் கையொப்பம் போட்ட அன்று எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அனுப்புநர்: புளியடி வளவு, சான் ஹோசே

அக்கா சொன்னது எனக்குத் தோன்றவில்லை. அது என் குறை. திருத்திக்கொள்கிறேன்.

நான் கேட்பது இதுதான். பழைய 38 தாள்களையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம். ஒவ்வொரு வரியிலும் பெயர், வீடு, இடாப்பில் உள்ள தொடரிலக்கம், கையொப்பமிடுபவரே எழுதும் திகதி. ஒவ்வொரு தாளின் அடியிலும் "இவர்கள் என் முன்னே இட்டார்கள்" என்று தாள் கொண்டுபோனவரின் பெயரும் கையொப்பமும். கைநாட்டு என்றால் பக்கத்தில் இரண்டு சாட்சிகள். இடாப்பு வேறிடத்தில் உள்ளவர்களுக்குத் தனித் தாள்: ஏன் வேறிடம், எந்த வருடம் திரும்பினார்கள் என்று எழுதி, முடிந்தவர்கள் சமாதான நீதவானின் முன் சத்தியக் கடதாசி முடிக்கட்டும். வெளிநாட்டில் உள்ள நாம் அந்தத் தாள்களில் வர வேண்டாம். வேண்டுமானால் ஆதரவுக் கடிதம் ஒன்றை நம் பெயரில், நம் ஊர் பேர் சொல்லித் தனியே கொடுப்போம். 950 இல்லாமல் 600 வந்தாலும் 600 என்றே எழுதுவோம்.

இதற்குத் தாள், மை, பிள்ளைகளின் சாப்பாடு, சத்தியக் கடதாசிச் செலவு ஆகியவற்றுக்கு 40,000 ரூபா என் சொந்தக் காசாக இன்றே அனுப்புகிறேன். மீதி, மனு முடிந்து தாள்களைப் பார்த்த பின். வாசிகசாலைக் கடைசித் தவணையைப் பற்றி அண்ணா சொன்னதில் பாதி உண்மை. கல்லுக்காக நான் நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தியது நான்தான், புத்தகம் நனைந்ததும் என்னால்தான்.

அனுப்புநர்: வைரவர் கோயிலடி, ஸ்காபரோ

ஊரில் மனு வேலையைப் பார்ப்பவரோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். முதலில் கோபித்தார். 950 என்ற எண்ணை வரச் சொல்லி அவரை நெருக்கியது நான்தான் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். புதிய தாளுக்கு உடன்பட்டார். தைப்பொங்கலுக்கு முன் முடிப்பதாகச் சொல்கிறார். குடும்பத்துக்கு நூறு டொலர் என்ற வேண்டுகோளை இப்போதைக்குத் திரும்பப் பெறுகிறேன். ஏற்கெனவே அனுப்பிய மூவரின் காசும் பொருளாளரின் கையில் இருக்கட்டும், கணக்கை அவரே எழுதட்டும்.

மருமகளே, அம்மாவிடம் நான் நேரே பேசுகிறேன்.

அனுப்புநர்: கிணற்றடி வளவு, ஹாரோ

மாமா, பேசினீர்கள் என்று அம்மா சொன்னார். நீங்கள் அழுததையும் சொன்னார்.

வாசிகசாலை மேசையில் பின்னேரங்களில் தான் உட்காருவதாகச் சொல்கிறார். அப்பாவின் மைப்பெட்டி அலுமாரியில் இருக்கிறதாம், மை மட்டும் வாங்க வேண்டும். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு முச்சக்கரவண்டியில் போய் வருவாராம், அந்தச் செலவை யாரும் தர வேண்டாமாம்.

பழைய தாள்களில் ஆறாம் தாளை மட்டும் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்கிறார். மனுவோடு சேர்க்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது என்கிறார்.