சொந்த வாழ்க்கையை எழுத வீட்டாரிடம் கேட்க வேண்டுமா?

நீலவானம்:
அப்பாவுக்கு மறதி நோய் வந்து, கடைசிச் சில ஆண்டுகள் எங்களையே அடையாளம் தெரியாமல் இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டேன். முன்பின் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்கள். தன் தாயை இதே நோயோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், நடு இரவில் எழுந்து "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவது தன் வீட்டில் மட்டும் நடப்பதாக நினைத்திருந்தாராம்.

சொந்தக்காரர்கள் விஷயம் வேறு. அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். சித்தப்பா "இதெல்லாம் எதுக்கு வெளியில?" என்று ஒரே வரி அனுப்பினார். கூடப் படித்த நண்பர்கள் "சூப்பர்டா" என்று போட்டுவிட்டு, ஒரு கைகூப்பும் படத்தோடு நகர்ந்துவிட்டார்கள். அம்மா படித்தாரா என்றே முதலில் தெரியவில்லை. மறுநாள் போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், "அப்பா அன்னைக்குப் போட்டிருந்தது நீலச் சட்டை இல்லை, சாம்பல்" என்றார். அவ்வளவுதான்.

அக்காவின் கோபம் ஒரே ஒரு பத்தியின் மேல். அப்பா அவளைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்கிறார். அவள் பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமே இல்லாமல் நெடுநேரம் நிற்கிறாள். இது நான் கண்ணால் பார்த்தது. பொய்யும் இல்லை, மிகையும் இல்லை. அவர் எனக்கும் அப்பாதான். இதை எழுத நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்தூண்:
கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்பா உங்கள் இருவருக்கும் பொது. அவருடைய நோய், உங்கள் துக்கம், நீங்கள் கண்விழித்த இரவுகள், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் உங்கள் அக்கா குழாயைத் திறந்துவிட்டது எதற்காக? அழும் சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது என்றுதானே? கூடத்தில் இருந்த சில பேருக்கே தெரியக் கூடாது என்று அவர் மறைத்ததை, ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு நீங்கள் காட்டிவிட்டீர்கள். அது உண்மையா பொய்யா என்பதல்ல கேள்வி. உண்மையாக இருப்பதால்தான் அவருக்கு வலிக்கிறது.

இன்னொன்று. அன்று அவர் அழுததை நீங்கள் பார்த்தீர்கள் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும். தம்பி நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை அவர் அந்நியர்களோடு சேர்ந்து படிக்க வேண்டியதாயிற்று.

பழையபேனா:
கல்தூண் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது எழுத்தைக் கொன்றுவிடும். வீட்டாரிடம் கேட்டால் வீட்டார் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அன்பினால் சொல்வார்கள், அதனால்தான் அதை மீறுவது கடினம்.

சார்லஸ் டார்வின் 1876-இல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். அவர் இறந்த பிறகு 1887-இல் மகன் பிரான்சிஸ் அதை வெளியிட்டபோது, மதத்தைப் பற்றி டார்வின் கடுமையாக எழுதியிருந்த பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அப்படி நீங்கியவற்றில் சில, மனைவி எம்மாவின் விருப்பப்படி நீங்கியவை. எம்மா கெட்டவர் அல்ல. கணவரின் பெயர் கெடக் கூடாது, நண்பர்கள் மனம் நோகக் கூடாது என்று நினைத்தவர். ஆனால் முழு வடிவம் வாசகர் கைக்கு வந்தது 1958-இல், பேத்தி நோரா பார்லோவின் பதிப்பில். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் படித்தது குடும்பம் திருத்திய டார்வினை.

நீலவானம், உங்கள் சித்தப்பாவின் ஒற்றை வரியும் அந்த வகைதான். அதற்குப் பணிய வேண்டாம்.

கல்தூண்:
டார்வின் அந்தக் குறிப்பை எழுதியதே முதலில் பிள்ளைகளுக்காகத்தான். வீட்டார் முதலில் படித்தார்கள், பிறகுதான் ஊர் படித்தது. நான் கேட்பதும் அந்த வரிசையைத்தான். அப்புறம், எம்மா வெட்டச் சொன்னது டார்வினுடைய சொந்தக் கருத்தை. அதை வெட்டியது தவறு என்று நானும் சொல்வேன். இங்கே அக்கா தம்பியின் கருத்தை வெட்டச் சொல்லவில்லையே! தன் அழுகையைத் திருப்பிக் கேட்கிறார்.

மூன்றாம்பிறை:
இதுவரை பேசியவர்கள் எல்லாரும் எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து யோசிக்கிறீர்கள். நான் எழுதப்பட்டவள். அங்கிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

என் மணவாழ்க்கை முறிந்த காலத்தில் நெருங்கிய தோழி ஒருத்தியிடம்தான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பிறகு அவள் நட்பைப் பற்றி ஓர் அழகான கட்டுரை எழுதினாள். என் பெயர் அதில் இல்லை, "ஒரு தோழி" என்றுதான் இருந்தது. ஆனால் எங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு தோழி யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் ஒருவர் என் மேசைக்கு வந்து "தைரியமா இருங்க" என்று சொன்னபோதுதான் அப்படி ஒரு கட்டுரை இருப்பதே எனக்குத் தெரியும். என் கணவர் வீட்டைவிட்டுப் போன அன்று நான் பல் துலக்கும் பிரஷ்களை எண்ணிப் பார்த்ததுவரை அதில் இருந்தது. அதை நான் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்.

இப்போது நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? "நல்லா எழுதியிருக்க" என்று சொன்னால் சம்மதித்ததாக ஆகிவிடும். பேசாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். வருத்தப்பட்டால் எழுத்தை ரசிக்கத் தெரியாதவள். வீட்டாரும் நண்பர்களும் சரியாகப் பதில் சொல்வதில்லை என்று எழுதுகிறவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறீர்களே, எங்களிடம் எந்தப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறீர்கள்?

அதற்குப் பிறகு அவளிடம் நான் எதுவும் சொல்வதில்லை. சாப்பாடு, வேலை, உடம்பு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைத்தது.

சிறுகுறிப்பு:
பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வழக்கு. ஸ்வீடனில் ஒரு தேவாலயத் தொண்டர் 1998-இல் சொந்தமாக இணையப் பக்கம் ஒன்றைத் தொடங்கினார். கூட வேலை செய்தவர்களைப் பற்றி, அவர்களுடைய பொறுப்பு, பொழுதுபோக்கு என்று லேசான நகைச்சுவையோடு எழுதினார். சிலருக்கு முழுப்பெயர், சிலருக்கு முதல் பெயர் மட்டும். ஒருவர் காலில் அடிபட்டதால் அரை நேரம்தான் வேலைக்கு வருகிறார் என்றும் அதில் இருந்தது. யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிலர் விரும்பவில்லை என்று தெரிந்ததும் உடனே எடுத்துவிட்டார்.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பரில் வந்த தீர்ப்பு, கால் அடிபட்ட செய்தி உடல்நலம் சார்ந்த தகவல் என்றது. எண்ணற்றவர்கள் பார்க்கும்படி வெளியிட்டதை "சொந்த, வீட்டு உபயோகம்" என்ற விலக்கில் சேர்க்க முடியாது என்றும் சொன்னது. பழையபேனாவுக்காக இதையும் சேர்த்துவிடுகிறேன்: கருத்துச் சுதந்திரத்தையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அதே தீர்ப்பு உள்நாட்டு நீதிமன்றத்துக்குச் சொன்னது.

அக்கா வழக்குப் போடப் போவதில்லை, தெரியும். ஆனால் அந்தத் தொண்டரும் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார்.

ஓடக்கரை:
நீலவானத்துக்கு ஒரு கேள்வி. மன ஆறுதலுக்காக எழுதினீர்களா, பிறர் படிக்க வேண்டும் என்று எழுதினீர்களா?

ஆறுதலுக்கு என்றால் வெளியிட வேண்டிய தேவையே இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண விஷயங்கள் தலைப்பு. மற்றவர்களுக்கு வாழ்க்கையில் மிகவும் பாதித்த நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பிறகு வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதியதை அவர்கள் அம்மாவிடமும் காட்டவில்லை, அக்காவிடமும் காட்டவில்லை. பாராட்டு வாங்கவில்லை, திட்டும் வாங்கவில்லை.

நீலவானம்:
ஓடக்கரை, ஆறுதலுக்காக மட்டும் எழுதவில்லை. அப்பாவைக் கவனித்துக்கொண்ட காலத்தில் எனக்குக் கிடைத்த மருத்துவக் குறிப்புகளில் எல்லாம் "நோயாளியிடம் பொறுமையாக இருங்கள்" என்று இருந்தது. பொறுமை தீர்ந்துபோன ஆளின் இரவு எப்படி இருக்கும் என்று யாரும் எழுதி நான் படிக்கவில்லை. அதனால்தான் எழுதினேன். கதவைத் தட்டும் தாயைப் பற்றி எழுதியவர் இப்போது வாரம் ஒருமுறை என்னோடு பேசுகிறார். பூட்டி வைத்திருந்தால் அவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

மூன்றாம்பிறை, நண்பர்களிடம் நான் எதிர்பார்ப்பது பாராட்டு அல்ல. அப்பாவைத் தெரிந்தவர்கள் அவர்கள். எங்கள் வீட்டில் தங்கிப் பரீட்சைக்குப் படித்தவர்கள். "அவர் என்னிடம் இப்படி ஒருமுறை பேசினார்" என்று ஒரு வரி எழுதக் கூடாதா? முகம் தெரியாதவர் மூன்று பக்கம் எழுதுகிறார், நண்பன் ஒரு சொல்லோடு போகிறான். அதுதான் வலிக்கிறது.

மூன்றாம்பிறை:
முகம் தெரியாதவருக்கு எழுதுவது சுலபம், நீலவானம். அவர் உங்களை நாளைக்கு நேரில் பார்க்கப் போவதில்லை. நெருங்கியவர் பொதுவில் ஒரு வரி எழுதினால் அதை உங்கள் சித்தப்பா படிப்பார், அக்கா படிப்பார், யார் பக்கம் என்று கணக்குப் போடுவார்கள். "சூப்பர்டா" என்பது, படித்தேன், இங்கே வைத்துப் பேச விரும்பவில்லை என்று அர்த்தம். நேரில் போய் உட்காருங்கள், பேசுவார்கள்.

உங்கள் அம்மாவை விட்டுவிட்டீர்களே. சட்டையின் நிறத்தைத் திருத்த வேண்டுமென்றால் அவர் ஒவ்வொரு வரியாகப் படித்திருக்க வேண்டும். அந்த நாளை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். வேறு எதையும் அவர் மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு வந்த பதில்களிலேயே பெரியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறத்தை மாற்றினீர்களா?

நீலவானம்:
மாற்றிவிட்டேன். அன்றைக்கே.

பழையபேனா:
சட்டையை மாற்றலாம். தகவல் பிழை, சரி. பத்தியை எடுப்பது வேறு.

எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. எழுதுபவர் தன்னை எங்கே நிறுத்துகிறார் என்று பார்ப்பேன். காந்தி "சத்திய சோதனை"யை 1925 முதல் நவஜீவன் இதழில் வாராவாரம் எழுதினார். டர்பன் வீட்டில், அங்கே தங்கியிருந்த தன் அலுவலக எழுத்தரின் கழிவுப் பாத்திரத்தை எடுப்பது தொடர்பான சண்டையில், கஸ்தூர்பாவைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனதை அதில் எழுதியிருக்கிறார். கஸ்தூர்பா அப்போது உயிரோடு இருந்தார். வீட்டுச் சண்டைதான், மனைவியின் கண்ணீரும் அதில் உண்டு. ஆனால் படிப்பவர் மனதில் குற்றவாளியாக நிற்பது காந்தி. நீலவானத்தின் பத்தியில் அக்கா சிறுமைப்படவில்லை. படிக்கிற யாரும் அவரை நேசிக்கத்தான் செய்வார்கள்.

கல்தூண்:
நல்ல உதாரணம். அந்தச் சம்பவத்தைக் கஸ்தூர்பா எப்படிச் சொல்லியிருப்பார்? நாம் படித்தது காந்தியின் வருத்தத்தை மட்டும்தான். வாசலில் நின்றவரின் மனதில் என்ன ஓடியது என்பதற்கும் நாம் அவர் சொன்னதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எழுதுகிறவர் தன்னையே குறைத்துக் காட்டிக்கொண்டாலும் பேனா அவர் கையில்தானே இருக்கிறது.

அப்புறம், யாரோ நேசிப்பார்கள் என்பது அக்காவுக்கு எந்த விதத்தில் உதவும்? அவர் கேட்காத நேசம் அது.

சிறுகுறிப்பு:
அக்காவுக்காவது கோபப்படத் தெரியும். பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறோமே, படுக்கை நனைப்பது, பரீட்சையில் தோற்பது, முதல் காதல் என்று எல்லாவற்றையும்! அவர்களிடம் யார் கேட்கிறார்கள்? பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் படத்தின் மேல் பிள்ளைக்கு உள்ள உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அவர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்று. படத்துக்கே அப்படி என்றால் எழுத்துக்கு நாமாகவே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டாமா?

நீலவானம்:
எல்லாருடைய பதிலையும் படித்தேன். கட்டுரையை எடுக்கப் போவதில்லை. அனுமதி என்ற சொல்லை இன்னமும் ஏற்க முடியவில்லை. அப்பாவைப் பற்றி எழுத எனக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஆனால் வரிசை பற்றிக் கல்தூண் சொன்னது சரி. அடுத்த பகுதி மருத்துவமனையில் நடந்ததைப் பற்றியது, அக்கா அதிலும் வருகிறாள். அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். பேசுவாளா தெரியாது. அவள் வரும் இடங்களை அவள் எடுக்கச் சொன்னால் எடுப்பேன். அப்பா வரும் இடங்களை எடுக்க மாட்டேன்.

பழையபேனா:
அந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த கை அக்காவுடையதாக இருந்தால்? ஒரு வரி போனால் அதைத் தாங்கி நின்ற அடுத்த வரியும் போகும். காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அசல் பிரதி ஒன்றைத் திருத்தாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்தூண்:
வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. நீலவானம், போகும்போது பழைய கட்டுரையைப் பற்றிய பேச்சை அக்காவே எடுக்கட்டும். தாளைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தனியாகப் படிக்க விடுங்கள்.